தலைச்சோலை டிராக்டர்

"வண்டி மறுக்காவும் மக்கர் பண்ணுதுங்க தம்பி" என்றார் சித்தன், கமலக்கண்ணன் பைக்கை நிறுத்துவதற்குள்.

கேட்கவே கமலக்கண்ணனுக்கு அத்தனை சந்தோஷம். முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டான்.

"போன வாரம் நல்லாத்தானுங்க ஓடுச்சு?"

"ஓடுச்சு. புதன்கிழமை நின்னுபோச்சு. எலி ஒயரைக் கடிச்சிருச்சாட்ட இருக்குது."

காபித் தோட்டத்து ஓரத்தில், நாலு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த குட்டி டிராக்டர் அது. மேரக்காய்க் கொடி ஸ்டியரிங் வரைக்கும் ஏறியிருந்தது. பழைய டிராக்டர்களைச் சரிசெய்து விற்றுக் கொடுப்பது கமலக்கண்ணனின் பிழைப்பு. மலைமேல் தலைச்சோலையில் ஒன்று கிடக்கிறது என்று சேலத்து ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னபோது யாருடையது என்று கேட்டான். சித்தன் என்று பதில் வந்தது. அவர் அவனுடைய மாமனார்.

மாமனார்தான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. புஷ்பலதா வீட்டைவிட்டு வந்து அவனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, எஸ்டேட் கூலிக்காரன் மகனா எனக்கு மாப்பிள்ளை என்று குதித்த மனுஷன், ஊரைக் கூட்டி "எனக்கு மகளே கெடையாது" என்று சொல்லிவிட்டார். அந்த டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்ததே அவள்தான். அவள் போனதும் அது அப்படியே நின்றுவிட்டது.

"எங்கப்பாரு எப்படி இருக்காருன்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. பேரை மட்டும் மாத்திச் சொல்லிக்குங்க" என்று புஷ்பலதா அழுதுகொண்டே அனுப்பிவைத்தாள். கோபி என்று சொல்லிக்கொண்டு மலையேறினான்.

இன்றைக்கு ஏழாவது ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் டீசல் டேங்கில் தண்ணீர். ஒரு வாரம் ஏர் ஃபில்டர் முழுக்க மண். இன்னொரு வாரம் பெல்ட் அறுந்து கிடந்தது. வேறு வண்டியாக இருந்தால் எப்போதோ காயலான் கடைக்குத் தள்ளியிருப்பான். இந்த வண்டிக்குச் சூடம் கொளுத்திக் கும்பிடாத குறைதான். அது கெட்டால்தானே அடுத்த வாரமும் வரலாம்.

வீடு திரும்பினால் புஷ்பலதா வாசலிலேயே நிற்பாள். அப்பா இருமினாரா, ஸ்வெட்டர் போட்டிருந்தாரா, நடக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாரா என்று குடைந்தெடுப்பாள். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லுவாள்.

மதியம் இருவரும் சோற்று கேரியரைத் திறந்தார்கள். ரெண்டு பேருக்குச் சேர்த்தே அவள் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"இன்னிக்கும் சாமைச் சோறுங்களா? சேலத்துல இதெல்லாம் ஆக்குறாங்களா?"

"எங்கூட்டுல அவளுக்கு நொம்பப் பிடிக்குமுங்க."

சித்தன் நிதானமாகச் சாப்பிட்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

இன்றைக்குக் கேட்டே தீருவது என்று கமலக்கண்ணன் மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

"ஏனுங்கய்யா, உங்களுக்குப் பிள்ளைங்க?"

சித்தன் காபிச் செடிகளைப் பார்த்தபடி இருந்தார். "ஒரு புள்ள இருந்துச்சு. விடுங்க தம்பி, அந்த ஒயரைப் பாருங்க."

கமலக்கண்ணன் எழுந்து ஒயரைப் பிரிக்கப் போனான். உண்மையைச் சொல்லி, அவர் வெளியே போடா என்றுவிட்டால்? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவையாவது அப்பாவைப் பற்றிக் கேட்கிற பாக்கியமும் புஷ்பலதாவுக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துக் கிளியூர் ஐயாக்கண்ணு வந்து சேர்ந்தார். டிராக்டர் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். ஒயரை மாற்றிச் சாவியைத் திருப்பியதும், சனியன் பிடித்த வண்டி முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. ஐயாக்கண்ணு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பேசி முடிச்சுக்கலாமுங்க. புதன்கிழமை வந்து ஓட்டிட்டுப் போயிடறேன்" என்றார்.

சித்தனின் முகம் சுண்டிப்போனது. பாவம், வண்டியைப் பிரிய மனசில்லை போல என்று கமலக்கண்ணன் நினைத்துக்கொண்டான். அவனுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"அப்பறம் உங்களுக்கு இங்க சோலி இருக்காதுங்களே தம்பி" என்றார் சித்தன்.

"இருக்காதுங்கய்யா."

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பைக்கைத் திருப்பிவிடலாமா என்று தோன்றியது. கீழே வந்து விஷயத்தைச் சொன்னபோது புஷ்பலதா அழவில்லை. கேரியரைக் கழுவி வைத்துவிட்டு, "இனிமே எங்கப்பாரப் பத்தி யாருகிட்டங்க கேக்கறது?" என்றாள். அதற்கு அவள் அழுதிருந்தாலே தேவலாம்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, வண்டி கெளம்பவே மாட்டீங்குது. ஐயாக்கண்ணு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கமலக்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடை காட்டிப் புஷ்பலதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, போனை அவள் காதோரம் பிடித்தான்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கய்யா. ஞாயித்துக்கிழமை காலையில அங்க இருப்பேனுங்க. என்ன கோளாறா இருந்தாலும் பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் சித்தனின் குரல் தணிந்து வந்தது.

"ஏனுங்க மாப்ள, வாராவாரம் அந்த வண்டியக் கெடுத்துக் கெடுத்து எனக்குக் கையே ஓஞ்சுபோச்சு. இந்த ஞாயித்துக்கிழமை அது பாட்டுக்குக் கெடக்கட்டும், புஷ்பாவக் கூட்டிட்டு வந்துருங்க."