கடைசிப் பத்து நிமிஷம்

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டோம்மா. படம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான். உக்காந்து பாத்துட்டுப் போங்க."

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் நான். எனக்கே பொறுக்கவில்லை. ஊரே மூணு வருஷமாகக் காத்துக் கிடந்த சூப்பர்ஹீரோ படம். ரிலீஸாகி இரண்டாவது நாள், காலைக் காட்சி. உச்சக்கட்டத்தில் யாராவது எழுந்து வருவார்களா?

அந்த அம்மா வந்தாள், எட்டு வயது மகளையும் இழுத்துக்கொண்டு.

"இல்ல சார், அவசரமாப் போகணும்."

பெண் தேம்பிக்கொண்டிருந்தது. ஹீரோவின் அட்டை முகமூடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

வெளிச்சத்தில் பார்த்ததும் அம்மாவை அடையாளம் தெரிந்துவிட்டது. நேற்று முதல் காட்சிக்குத் தனியாக வந்தவள். ஓர சீட்டில் உட்கார்ந்து, வாட்ச்சைப் பார்ப்பதும் துண்டுக் காகிதத்தில் எதையோ குறிப்பதுமாக இருந்தாள். படத்தைத் திருடி வெளியிடுகிற கும்பல் வரும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் டார்ச்சை நேராக அவள் முகத்தில் அடித்துக் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வெறும் மணிக்கணக்குதான் இருந்தது. சுத்தக் கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கு விடுவதாக இல்லை.

"நேத்து நீங்க மட்டும் முழுசா உக்காந்து பாத்தீங்கல்ல? கொழந்தையை மட்டும் முடியறதுக்கு முன்னாடி இழுத்துட்டுப் போறீங்க. நல்லாருக்கும்மா உங்க நியாயம்."

பெண் நிமிர்ந்து பார்த்தது.

"நேத்தே பாத்துட்டியாம்மா? என்னை விட்டுட்டா?"

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "தண்ணி குடிச்சிட்டு வாடா, சொல்றேன்" என்று கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த குழாயைக் காட்டினாள். பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலைல அவளுக்கு இதயத்துல ஆபரேஷன் சார். இன்னிக்கு மத்தியானம் ஆஸ்பத்திரில சேக்கணும்."

கோடியில் பெண் குழாயில் குனிந்து தண்ணீர் குடிப்பதைத் திரும்பிப் பார்த்தேன்.

"ட்ரெய்லர்ல ஹீரோவுக்கும் நெஞ்சுல ஆபரேஷன் பண்ற மாதிரி காட்டினாங்க. அதைப் பாத்ததுலேர்ந்து, அவர் எந்திரிச்சா நானும் எந்திரிச்சிடுவேன்னு சொல்லிட்டிருக்கா. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரின்னாலே நடுங்குவா. படத்தைக் காட்டினாத்தான் வருவேன்னு ஒரே அடம். முடிவு தெரியாம எப்படி சார் கூட்டிட்டு வர்றது? அதான் நேத்து வந்து பாத்தேன். எப்ப வெளிய கூட்டிட்டு வரணும்னு குறிச்சுக்கிட்டேன்."

முடிவு எனக்கும் தெரியும். ஹீரோ எழுந்திருக்கவே மாட்டான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகடிச்சிட்டானுங்களே" என்று புலம்பியபடிதான் இந்தக் கதவு வழியாக வருகிறார்கள்.

நேற்று அவள் முகத்தில் டார்ச் அடித்த கை எனக்குக் கூசியது.

பெண் சுவரில் இருந்த போஸ்டர்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கும் உள்ளே இசை அடங்குவதற்கும் சரியாக இருந்தது.

"அம்மா, படம் முடிஞ்சிடுச்சு போல. அவர் எந்திரிச்சாரான்னு வர்றவங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்மா. ப்ளீஸ்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். உள்ளே தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"யோவ், கதவைத் திறய்யா. டிக்கெட் கிழிக்கிறவனுக்கு இவ்வளவு திமிரா?"

"அவங்களை எதுக்கு கண்ணு கேக்கணும்?" என்றேன் பெண்ணிடம். "என்னைக் கேளு. நேத்துலேர்ந்து நாலு தடவை பாத்துட்டேன்."

"எந்திரிச்சிட்டாரா அங்கிள்?"

பதினெட்டு வருஷமாக இந்த வாசலில் நிற்கிறேன். எந்தப் படத்தின் முடிவையும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. கேட்டவனைத் திட்டித் துரத்தியிருக்கிறேன்.

"எந்திரிச்சிட்டார் கண்ணு. கண்ணைத் தொறந்ததும் மொதல்ல அவங்க அம்மாவைத்தான் தேடினார்."

பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல" என்று அம்மாவைப் பார்த்தது. "வாம்மா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

கதவு என் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் படியிறங்கித் தெருவில் திரும்பும்வரை நான் நகரவில்லை.