புகையாத கரி

“அப்பா, அந்த அடுப்பு மட்டும் ஏன் வெயில்லயும் மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நிக்குது?”

தோட்டத்தில் உறை போட்டு மூடிக் கிடந்த கரி அடுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்து, தையல்காரரின் மகள் என்றோ ஒருநாள் கேட்ட கேள்வி இது. அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டார். ஆனால் கேள்வி, சட்டையில் ஒட்டிய நூல் மாதிரி அவரை விடவில்லை. அதுதான் இன்று கடையைச் சீக்கிரம் பூட்டவைத்து, தோட்டச் சாமான் விற்கும் கடைவரை அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

“புகை வராத கரி வேணும்மா.”

கடைக்காரம்மா மண்வெட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினார்.

“கரின்னா கொஞ்சமாவது புகையத்தான் சார் செய்யும். இது விறகுக் கரி. சட்டுனு பத்திக்கும், நல்ல சூடு. ஆனா பொறி பறக்கும், சீக்கிரம் அடங்கிடும். இது கட்டிக் கரி. கரித்தூளை மாவுல பிசைஞ்சு அச்சுல அடிச்சது. நின்னு எரியும், சாம்பல்தான் அள்ளி மாளாது. இது கொட்டாங்குச்சிக் கரி. பத்திக்கிறதுக்கு அழும். பத்திக்கிச்சுன்னா புகை ரொம்பக் கம்மி. விலைதான் மத்ததைப் போல ரெண்டு மடங்கு.”

“அப்போ மலிவு, கட்டிக் கரி.”

“மூட்டை விலையைப் பார்த்தா மலிவு. ஆனா கொட்டாங்குச்சிக் கரியை வேலை முடிஞ்சதும் மூடி போட்டு அணைச்சு வெச்சீங்கன்னா, மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும். கணக்குப் போட்டா அதுதான் மலிவு.”

“விலை அதிகமா இருக்கே, அதுவா மலிவு?”

“அதேதான்.”

தையல்காரருக்குத் தலை சுற்றியது. துணி என்றால் இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தே சாயம் போகுமா போகாதா என்று சொல்லிவிடுவார். பழக்க தோஷத்தில் ஒரு கரித்துண்டையும் எடுத்துக் கசக்கினார். சாயம் போயிற்று.

“உங்க அடுப்பு எவ்வளவு பெருசு?” என்றார் கடைக்காரம்மா, கை துடைக்கத் துணியை நீட்டியபடி.

அவர் கைகளை விரித்துக் காட்டினார். “இவ்வளவு இருக்கும். உள்ளே எப்படின்னு திறந்து பார்த்ததில்ல.”

“திறக்காமயே சுடப் போறீங்களா?”

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

“சரி, அதை விடுங்க. புகைன்னா ஏன் இப்படிப் பயப்படுறீங்க?”

“சின்னப் பொண்ணு இருக்காம்மா. இழுப்பு. ஒருநாள் கரிப்புகை பட்டுப்போய் ராத்திரி முழுக்க மூச்சுக்குத் தவிச்சா. நானும் என் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். இப்ப எவ்வளவோ தேவல. லேசான புகைன்னா பரவாயில்ல, பயப்படாதீங்கன்னு டாக்டரே சொல்லிட்டார். ஆனா நான் தெரியாத்தனமா தப்பான மூட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டேன்னா, மறுபடியும் அந்த ராத்திரிதான்.”

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. “ஏன் சார், அப்படிப்பட்ட பிள்ளையை வெச்சுக்கிட்டு உங்களுக்குக் கரி அடுப்பு கேக்குதா? சுட்டுச் சாப்பிடலன்னா குடியா முழுகிப்போயிடும்? நாக்கைக் கட்டத் தெரியாதா?”

அவரிடம் பதில் இருந்தது. ஆனாலும், யாரோ பெற்ற பிள்ளைக்காக முன்பின் தெரியாத ஒருத்தி இப்படிக் கோபப்படுவதே ஆண்டவன் அருள் என்று நினைத்தவர் போல, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அந்தப் பணிவைப் பார்த்து அம்மாவின் கோபம் இறங்கிவிட்டது. “வாங்க இப்படி” என்று கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். உடைந்த பூந்தொட்டிகளில் மூன்று ரகத்திலும் கொஞ்சம் போட்டுப் பற்றவைத்தார். தையல்காரர் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்த்தார். காற்று சுழன்றடித்தது. கண்ணில் நீர் வந்தது.

“எந்தப் புகை எந்தத் தொட்டியோடதுன்னே தெரியலையேம்மா.”

“உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு” என்று முணுமுணுத்தாலும், மற்ற இரண்டையும் மண் போட்டு மூடினார். கொட்டாங்குச்சிக் கரி மட்டும் மிஞ்சியது. அது நிதானமாகச் சிவந்து, மேலே சாம்பல் பூத்து, சத்தமில்லாமல் கனன்றது. தையல்காரர் மூக்கை அருகில் கொண்டுபோய் ஆழமாக மூச்சிழுத்தார். இருமல் வரவில்லை.

“இதையே குடுங்க.”

“ஒண்ணு கேட்டுக்கோங்க. பத்த வைக்க எண்ணெய் ஊத்தக் கூடாது, அதுலதான் பாதிப் புகை. கரி மேல இப்படி வெள்ளையாச் சாம்பல் பூத்த பிறகுதான் கறியை வைக்கணும். கொழுப்பு நெருப்புல சொட்டாம ஒரு தட்டு வைக்கணும்.”

“இதெல்லாம் மூட்டை மேல எழுதியிருக்குமா?”

“நான்தான் வாயால சொல்றேனே.”

“இல்ல, எழுதியிருந்தா நல்லா இருக்கும்.”

கடைக்காரம்மா மூட்டையைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் எல்லாம் அச்சாகியிருந்தது. தையல்காரர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, பெரிய பாரம் இறங்கியவராக மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். இப்படி ஒரு குழப்பமான மனிதரை அந்த அம்மா பார்த்ததே இல்லை.

“பிள்ளையை உள்ளே வெச்சு ஜன்னலைச் சாத்திட்டுச் சுடுங்க சார்” என்றார் வாசல்வரை வந்து.

“கட்டாயம் சாத்திடுறேம்மா.”

சாயங்கால வெளிச்சத்தில் தெருவுக்குள் நுழைந்த தையல்காரர், தன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. அடுத்த வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், உறை மூடிய அடுப்பின் பக்கத்தில் மூட்டையை வைத்தார். அச்செழுத்துகள் கண்ணில் படும்படி ஒருமுறை திருப்பியும் வைத்தார்.

வாரம் தவறாமல் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு பஸ் டிரைவர், பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகளுக்கு மூச்சு இழுத்த மறுநாளே அடுப்பை மூடியவர். ஏன் மூடினார் என்று இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.