சாலையைப் பார்த்த பலகை

முதலில் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. அடுத்து, அவற்றைத் தின்ற கொக்குகள் நடை தடுமாறி விழுந்தன. மூன்றாவதாக நீர்யானையின் குட்டி கண் தெரியாமல் அலைந்து செத்தது. நான்காவதாகத்தான் மனிதர்களின் விசாரணைக் குழு வந்தது. அது கரையில் ஒரு பலகையை நட்டு, அதன் முன் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதன்பிறகு தவளைகள் கத்தவில்லை. பிணங்களின் மேல் ஈகூட உட்காரவில்லை.

"இது சூனியம். வைத்தது நீதான்," என்று கழுதைப்புலியைப் பிடித்துக்கொண்டது நீர்யானை. "இன்றே ஓடிவிடு. இல்லாவிட்டால் மிதித்தே கொல்வேன்."

"எனக்குச் சூனியம் வைக்கத் தெரிந்தால் முதலில் உன் வாயைக் கட்டியிருக்க மாட்டேனா? மலையில் எதையோ கலந்து தங்கம் கழுவிய தண்ணீர் இங்கேதானே இறங்குகிறது? போய் அந்தப் பலகையைக் கேள்."

"அதில் ஒன்றும் இல்லையே. தினமும் பார்க்கிறேன்."

"நீ பார்ப்பது அதன் முதுகை."

காற்றே இல்லை. ஆனாலும் பலகை மெல்ல முனகியது.

"ஜீப்பில் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று என்னைச் சாலைப் பக்கம் திருப்பி நட்டார்கள். தண்ணீர் குடிக்கிறவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை."

"நான் கேட்கிறேன்," என்றது நீர்யானை. "என் பிள்ளையைக் கொன்றது யார்? எல்லார் முன்னாலும் பெயரைப் படி."

வரிக்குதிரைகளும் மான்களும் தண்ணீர் சொட்டும் வாயோடு சாட்சிக்கு நெருங்கி வந்தன.

பலகை படித்தது: "பாதரசம்."