மாமனார் போட்ட சல்லடை

"உன்னைப் பெத்தவங்க இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

மாமனார் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சிங்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ரெஞ்சு, மடியருகே வாளி. கழற்றிய வளைகுழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். கறுப்பாக ஒரு கட்டி வாளிக்குள் சொத்தென்று விழுந்தது.

"டீத்தூள்! பாரு, அத்தனையும் டீத்தூள்! காலம் பூரா ஊரார் வீட்டு அடைப்பெல்லாம் எடுத்தவன் நான். என் வீட்டுல ஒருநாள், ஒரே ஒருநாள் அடைப்புன்னு வந்ததுண்டா?"

மருமகள் தலை குனிந்து நின்றாள்.

"எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால துடைச்சிட்டுக் கழுவுன்னு சொன்னேன். டீத்தூளைச் செடிக்குப் போடுன்னு சொன்னேன். வாரம் ஒருதரம் சுடுதண்ணி ஊத்துன்னு சொன்னேன். இதுக்குத்தானே சல்லடையும் வாங்கிப் போட்டேன்? அதையும் எடுத்துட்டுக் கொட்டினா, குழாய் பாவம் என்ன பண்ணும்?"

"தப்புதான் மாமா. இனிமே பாத்துக்கறேன்."

கடவுளே, என் முகத்துல எதுவும் தெரியாம நீதான் பாத்துக்கணும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். குழாயை மாட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார் அவர்.

வெங்காயம் கடன் கேட்டு வந்த அடுத்த வீட்டு அக்கா, கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் மாமனார் குழாயில இருக்கிற அழுக்கை எடுக்கறாரோ இல்லையோ, தன் வாயில இருக்கிறதை எல்லாம் கொட்டிட்டுப் போறார். இந்த மாசத்துலயே இது எத்தனாவது தரம்டி?"

"வயசானவர் அக்கா. விடுங்க."

"நல்லா விட்டே போ. தலை வலிக்குது, ஒரு வாய் டீயாவது குடு."

"காபி தரட்டுமா? டீ மாமாவோட ராஜ்ஜியம். அந்த டப்பாவை நாங்க யாரும் தொடறதில்ல, அவரேதான் போட்டுக்குவார்."

"டப்பாவைக்கூடத் தொடவிட மாட்டாரா? சரியான ஹிட்லர் போ!" காபியைக் குடித்து முடித்த அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன் வீட்டுக்காரர்கிட்ட வாடகைக்கு ஒரு வீடு சொல்லியிருக்கேன். தலையாட்டிடு. தாய் தகப்பன் இல்லாத பொண்ணுன்னா கேக்க ஆள் இல்லைன்னு நினைச்சுட்டாரா?"

மருமகள் வெங்காயத்தை எடுத்து அவள் முந்தானையில் போட்டாள்.

சாயங்காலம் கணவன் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. வாசலிலேயே அக்கா எல்லாம் சொல்லியாகிவிட்டது போலும். நேராகச் சமையலறைக்கு வந்து மேடைமேல் ஒரு சாவியை வைத்தான்.

"வீட்டைப் பாத்துட்டேன். சின்னதுதான், ஆனா நிம்மதியா இருக்கலாம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே போயிடலாம்."

"மாமா?"

"அவருக்கென்ன? கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. வாய் அதைவிட நல்லா இருக்கு."

"அத்தை போனப்புறம் அவருக்குன்னு நாமதானே இருக்கோம்? தனியா எப்படிங்க விடறது?"

"அதுக்காக நீ தினம் வாங்கிக் கட்டிக்கணுமா? உன் அப்பா அம்மாவை இழுத்தாராமே இன்னைக்கு?"

பகலெல்லாம் அடக்கி வைத்திருந்தது, அப்பா அம்மா என்று காதில் விழுந்ததும் அவள் கண்ணில் நிறைந்தது. புறங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"உண்மையைச் சொல்லு. நீதான் கொட்டினியா?"

"ஆமாங்க. ஏதோ ஞாபகத்துல, கவனிக்காம..."

"இத்தனை தரமுமா?"

அவள் சிங்கைப் பார்த்துத் திரும்பி, கழுவிய தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவன் சாவியை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"போதும். இதுக்கு மேல உன்னைக் கேக்கப் போறதில்ல. இப்பவே போய் அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

அவன் திரும்புவதற்குள் மாமனாரே வந்துவிட்டார். கையில் டீ போட்டுக் குடித்து முடித்த பாத்திரம். மருமகள் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

அவர் சிங்கிலிருந்த சல்லடையைப் பதவிசாக எடுத்து ஓரத்தில் வைத்தார். பாத்திரத்தின் அடியில் கிடந்த டீத்தூளை அப்படியே குழாய் வாய்க்குள் கவிழ்த்தார். தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு சல்லடையை அதன் இடத்தில் வைத்து, வேலை தெரிந்தவர் விரலால் சுற்றி அழுத்துவாரே, அப்படி அழுத்திவிட்டார்.

"அப்பா..." என்று வாய் திறந்தான் மகன்.

மருமகள் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் விரல்களில் அவ்வளவு கெஞ்சலை அவன் அதுவரை உணர்ந்ததில்லை.

பெரியவர் திரும்பினார். அவளுடைய ஈரக் கண்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது. பாத்திரத்தை வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் தலைமேல் மெல்ல வைத்தார்.

"ஏம்மா அழற? யாரு உன்னைத் திட்டினது? சொல்லு, நான் கேக்கறேன்."