நோன்புக்கஞ்சிக்கு உப்பு

பேட்டையில் அந்த வீட்டு அடுப்படி முழுக்க நோன்புக்கஞ்சியின் ஆவி. சன்னல் வழியே விழுகிற அஸர் தொழுகை நேரத்துச் சாயங்கால வெயில் அதற்குள் பாதி கரைந்து தெரிகிறது. நஃபீஸத் கரண்டியால் கிண்டிக்கொண்டே, உப்புச் சாடியில் சாய்த்து வைத்த கைபேசியிடம் கேட்கிறாள்: “உப்புப் போட்டேனா மச்சான்?” நோன்பு வைத்திருப்பவள், நாக்கில் விட்டுப் பார்க்க முடியாது. “போட்டுட்டேன்னு அப்பவே சொன்னியே நஃபீ. தலைவலி இப்பம் எப்படி இருக்கு?” என்கிறது கைபேசி. குரல் அவள் புருஷன் அனஸுடையது. நான்கு வருஷத்துக்கு முன் சவூதியில் தமாமுக்கு வேலைக்குக் கிளம்புகையில், அவளுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று கேட்டதற்கெல்லாம் தானாகவே பதில் பேசுகிற ஒரு செயலியில் தன் குரலை அவனேதான் பதிந்து கொடுத்தான். முந்தாநாள் ஊர் திரும்பிய அனஸ் இப்போது அடுப்படி வாசலில் நிற்கிறான். கையில் அவளுக்கென்று வாங்கிவந்த அத்தர் குப்பி, இன்னும் உறை பிரிக்காமல். அவளுக்குத் தலைவலி என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. “கொறஞ்சிருக்கு, நீங்க கேட்டுட்டீயள்லா” என்று அவள் கைபேசியிடம் சிரிக்கிறாள். வந்ததிலிருந்து அவன் பார்க்காத சிரிப்பு. “நஃபீ” என்று மெதுவாகக் கூப்பிடுகிறான். அவள் திரும்பவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கைபேசியின் பக்கம் குனிந்து, “சொல்லுங்க மச்சான்” என்கிறாள்.