வாட்சுக்கு அடியில

பண்டபர்க் ஊர் கிளினிக் ஜன்னல் வழியா காலை வெயில் நேரா க்ளெம் கையில விழுது. காலமெல்லாம் கரும்புக் காட்டுல டிராக்டர் ஓட்டின கை, பழைய தோல் பை மாதிரி காஞ்சு, புள்ளி புள்ளியா இருக்கு. பக்கத்துல அவரோட ஒரே கருவுல பொறந்த இரட்டை, பெர்ஸ். ராத்திரி பேக்கரி வேலை, பகல்ல தூக்கம். கை ரொட்டி மாவு மாதிரி வெளுப்பு. ரெண்டு பேருக்கும் ஜீன் அப்படியே ஒண்ணு. வெயில் அதுல எந்த ஸ்விட்சைப் போட்டிருக்கு, எதை அணைச்சிருக்குன்னுதான் நான் பாக்கணும். ஆனா ஒப்பிட்டுப் பாக்க க்ளெம்கிட்ட வெயிலே படாத தோலும் துளி வேணும், இல்லன்னா இந்த ஜோடியையே ஆய்வுல சேர்க்க முடியாது. "பின்பக்கம் எடுத்துக்கலாமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேக்குறேன். பெர்ஸ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார். "அதுவும் கறுத்துப் போய்த்தான் கெடக்கு தம்பி! இவன் ஆத்துல ஒட்டுத்துணி இல்லாமதான் நீந்துவான்." "சும்மா கெடடா, மாவு மூட்டை"ங்கிறார் க்ளெம், ஆனா இல்லைன்னு சொல்லல. இப்படி ஒரு ஜோடி இனி எங்க கிடைக்கும்? பெர்ஸ்தான் திடீர்னு க்ளெம் கையைத் தட்டுறார். "டேய், வாட்சைக் கழட்டு. நீந்துறப்பகூட அதை மட்டும் விட மாட்டியே!" க்ளெம் இறுகின பட்டையை இழுத்து இழுத்துக் கழட்டுறார். அடியில ரெண்டு விரக்கடை அகலத்துக்கு வெள்ளைத் தோல், மெத்துன்னு. பெர்ஸ் தன் மணிக்கட்டை அதோட ஒட்டி வெக்கிறார். அந்த ரெண்டு விரக்கடையில மட்டும் எது யாரோட தோல்னு எனக்கே தெரியல.