சாராயத்தின் மேல் போடு

கணவன் தரப்பு வக்கீல் ஜெக்கியே காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தபோது ஸெலீ தழை உருவிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தவில்லை. இடது கையில் அப்சிந்த் சாராயத்துக்குப் போகும் கசப்புச் செடியின் காய்ந்த தண்டு, வலது கை மேலிருந்து கீழே. தழை மடியில் விழும். தண்டு தரையில் விழும்.

"நீங்க கையெழுத்துப் போட்டா போதும்மா. மிச்சத்தை நானே எழுதிட்டேன்."

ஸெலீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படித்தாள்.

அன்று மாலை என் கணவர் அரிஸ்த் ஐந்து கிளாஸ் அப்சிந்த் குடித்திருந்தார். நிதானத்தில் இல்லை. பெற்ற மகள் என்றே தெரியாமல் அடித்துவிட்டார்.

மகள் எலின் உள்ளறையில் படுத்திருந்தாள். ஏழு வயது. தொடையெலும்பில் பலகை வைத்துக் கட்டிப் பத்தொன்பது நாள் ஆகிறது. எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். எப்படிக் கூடும் என்று சொல்லவில்லை.

அதே பத்தொன்பது நாளாக அரிஸ்த் நகரத்துச் சிறையில் இருந்தான்.

"சாராயம் பண்ணின வேலைன்னா ஆறு மாசம்," என்றார் வக்கீல். "இல்லைன்னா அஞ்சு வருஷம். அவ்வளவு வித்தியாசம் இருக்கு."

நம்ப வைக்கப் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை என்றும் சொன்னார். போன மாதம்தான் நாடே திரண்டு ஓட்டுப் போட்டு அப்சிந்த் கூடாது என்று தீர்த்திருக்கிறது. பாரிஸில் கவி எழுதுகிறவனுக்குப் புத்தி பேதலித்தாலும் அப்சிந்த், ஒருவன் துப்பாக்கி எடுத்தாலும் அப்சிந்த் என்று எழுதாத பத்திரிகை இல்லை. நீதிபதியும் பத்திரிகை படிக்கிறவர்தான்.

"கண்ணுக்கு ஏதாவது தெரியுதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராம்மா? பச்சையா, ஒரு பொம்பளை மாதிரி? அப்படித்தான் எழுதுறாங்க."

அடுப்போரம் நின்றிருந்த கொழுந்தன் நுமா சிரித்துவிட்டான். "பச்சைப் பொம்பளை தெரியும்னா இந்தப் பள்ளத்தாக்குல எவன் ஐயா வீட்டுக்குத் திரும்புவான்?"

கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அண்ணி, அந்தச் சாராயத்துக்கு எப்படியும் தூக்குதான். ரெண்டு வருஷம் தவணை குடுத்திருக்காங்க, வேற என்ன. சாகப்போறது தலையில இன்னும் ஒரு மூட்டை. தூக்கிச் சாராயத்து மேல போடு. ஈஸ்டருக்கு அண்ணன் வீட்ல இருப்பாரு."

ஈஸ்டர் என்றால் எலின் எழுந்திருப்பாள். இதே அடுப்படியில்தான் நடந்து பழகுவாள்.

ஸெலீ இன்னொரு தண்டை எடுத்தாள். தழை உருவும் நாட்களில் அவளுக்கு விரல் நுனி மரத்துப்போகும். சோப்புப் போட்டாலும் கசப்புப் போகாது. அவள் பிய்த்துக் கொடுக்கும் ரொட்டியை எலின் வாங்கமாட்டாள், தானே பிய்த்துக்கொள்வாள். இந்த ஆண்டு மரத்தது விரலோடு நிற்கவில்லை. எங்கே போய் நின்றது என்று அவள் தேடவும் இல்லை.

"நான் இல்லாததைச் சேர்க்கலம்மா," வக்கீல் இன்னொரு காகிதத்தை எடுத்தார். "போலீஸ்காரரே எழுதியிருக்காரு. ஆள் மேல் அப்சிந்த் நெடி பலமாக வீசியது."

அந்தப் போலீஸ்காரர் ஏரிக்கரை ஊர்க்காரர். இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஸெலீ எழுந்தாள். மடித் தழை மொத்தமும் தரையில் கொட்டியது. மேசையைச் சுற்றி வந்து, தன் சட்டைக் கையை வக்கீலின் மூக்கருகே நீட்டினாள்.

சோம்பும் கசப்பும் கலந்த அதே அப்சிந்த் நெடி. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நானும் குடிச்சிருக்கேனா ஐயா?"

நுமா தரையைப் பார்த்தான். அண்ணனும் அவனும் ஒரே ஆலையில் சாராயம் காய்ச்சுகிறவர்கள். அவன் மேலும் அதே நெடிதான். இந்த ஊரில் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகிற குழந்தை மேலும் அந்த நெடி வீசும்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நெடியை விடுங்க. அன்னைக்கு அவரு குடிச்சாரா, இல்லையா?"

"பால் குடிச்சாரு."

"அண்ணி," என்றான் நுமா.

"ஒரு கிண்ணம் பால். குடிச்சிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வச்சாரு. சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து அலமாரியில வச்சாரு, அடிபட்டுடக் கூடாதுன்னு. அப்புறம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இதைக் கோர்ட்ல சொன்னா அஞ்சு வருஷத்துக்குக் குறையாதும்மா. புரியுதா?"

"புரியுது. எழுதிக்குங்க."

வக்கீல் காகிதங்களை மடிக்கத் தொடங்கியிருந்தார். "இதுக்கு மேல எழுத என்ன இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவர் எழுதவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள்.

"அவ வந்து நின்னதும் அவரு என்னைப் பார்த்தாரு. சத்தம் வெளியில கேட்கும், ஜன்னலைச் சாத்துன்னாரு."

நுமா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

"சாத்தினேன்," என்றாள் ஸெலீ.